ஒவ்வொரு வைத்தியமும் பலித்தது: செட்டிநாட்டு வீடொன்றில் கம்ப்ரஸர் டேங்க் கிழிந்த நிகழ்வு

அந்த வால்வில் ஒரு பழுதும் இல்லை. ஊறுகாய் ஜாடிகள் இருந்த அலமாரியிலிருந்து ஆச்சி அதை எடுத்து, சுற்றியிருந்த பழந்துணியோடு என் கையில் கொடுத்தார். கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளைப் பொருள். தலையில் சாவிக்கொத்துக்குப் போடுவது போன்ற ஒரு வளையம். காரைக்குடியில் தெரிந்த பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோய், காற்று கொடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 9 கிலோவில் சீறித் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் தானே மூடிக்கொண்டது. கெட்டுப்போனது என்று சொல்லிக் கழற்றி வைக்கப்பட்ட சேப்டி வால்வ் இது. அந்த வீட்டின் மூன்றாம் கட்டில், அதாவது அடுப்படிப் பகுதியில், நின்ற கம்ப்ரஸரில் (காற்றை அழுத்தி டேங்கில் அடைக்கும் இயந்திரம்) ஒழுங்காக வேலை செய்த பாகம் இது ஒன்றுதான் என்பது, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகு தெரிந்தது.

நான் நூற்பாலைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலையில் காற்றில்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. எனவே கம்ப்ரஸரோடு பழக்கம் அதிகம். விபத்து நடந்த மறுநாள் ஆச்சியின் வீட்டிலிருந்து அழைத்தார்கள். போலீஸ், இன்சூரன்ஸ் எதற்காகவும் அல்ல. என்ன நடந்தது என்று ஆச்சிக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பட்டறைகளில் "எட்டுக் கிலோ" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் எட்டுக் கிலோ எடை அழுத்துவது போன்ற அழுத்தம். மீட்டரில் பி.எஸ்.ஐ. கணக்கில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று, பார்த்தால் 114க்கு அருகில் வரும். டேங்கின் உட்சுவரில் உள்ளங்கை அளவு இடத்தை, அதாவது 100 சதுர சென்டிமீட்டரை, எடுத்துக்கொண்டால் அதன் மேல் மட்டும் 800 கிலோ. டேங்க் அசையாமல் நிற்பதால் இது நமக்கு உறைப்பதில்லை.

வீடும் வேலையும்

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒன்று. வாசல் ஒரு தெருவிலும் தோட்டத்துக் கதவு அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடு: முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படியோடு சேர்ந்த மூன்றாம் கட்டு, அப்புறம் கிணற்றடி. ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பாத்தியதை. ஆச்சி மட்டும் அங்கேயே இருக்கிறார். மற்றவர்கள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று இருக்கிறார்கள். ஆச்சியின் மூத்த மகனுக்கு அறுபதாம் கல்யாணம். பூர்விக வீட்டில்தான் நடத்த வேண்டும் என்று முடிவாயிற்று. பர்மா தேக்கில் செய்த நிலைக்கதவில் யாளியும் கஜலட்சுமியும் கிளியுமாகச் செதுக்கல்கள். அதன் இடுக்குகளில் எத்தனையோ வருடத்துத் தூசி. அதைச் சுத்தம் செய்து, முகப்பு முழுவதும் வார்னிஷ் அடிக்க வேண்டும்.

வந்து பார்த்த ஆசாரி சின்னத் தூரிகைகளும் இரண்டு ஆட்களும் இருபது நாளும் கேட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த பங்காளி வீட்டுப் பையன், கம்ப்ரஸர் வாங்கினால் இரண்டு நாளில் முடியும், வார்னிஷையும் அதிலேயே அடித்துவிடலாம் என்றான். அவன் சொன்னது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் அல்ல; இன்று பல வீடுகளில் கம்ப்ரஸர் இருக்கிறது. ஆனால் மூடப்பட்ட பஞ்சர் கடை ஒன்றிலிருந்து பழைய இயந்திரமாகப் பார்த்து வாங்கினார்கள். 2 குதிரைத்திறன் மோட்டார், பெல்ட்டில் ஓடும் பம்ப், 100 லிட்டர் டேங்க். பளபளவென்று புது நீலப் பெயிண்ட். டேங்கின் பெயர்த்தகட்டின் மேலும் அதே பெயிண்ட்: தயாரித்த வருடம், தாங்கும் அழுத்தம், சோதனை அழுத்தம் எல்லாம் அதற்கு அடியில். பழைய டேங்க் வாங்குகிறவர் முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டிய இடம் அது. யாரும் சுரண்டவில்லை.

(வளவுத் தூண்களிலும் காற்றை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். முட்டை வெள்ளைக் கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்த பிறகு நிறுத்தினார்கள். ஆசாரி கேட்ட தூரிகைக்குக் காரணம் இருந்தது.)

நான்கு குறைகள், நான்கு வைத்தியங்கள்

கம்ப்ரஸரின் சத்தம் முகப்புக்கு வேண்டாம் என்று மூன்றாம் கட்டில் வைத்தார்கள். அதுவரை நல்ல யோசனைதான். வார்னிஷும் தின்னரும் காற்றில் கலந்து நிற்கும் இடத்தில் பொறி தெறிக்கும் மோட்டாரும் சுவிட்சும் இருக்கவே கூடாது. ஆனால் அங்கிருந்து முகப்பு வரை 30 மீட்டர் ஓஸ் தேவைப்பட்டது. கடையில் விலை குறைவாகக் கிடைத்த கால் அங்குல ஓஸை வாங்கினார்கள். மெல்லிய குழாயில் அவ்வளவு தூரம் காற்று போனால் வழியிலேயே அழுத்தம் விழும். ஸ்ப்ரே கன்னில் வார்னிஷ் தூவலாக வராமல் துளித்துளியாக விழுந்தது.

முதல் வைத்தியம் அங்கே. டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கின் திருகை முடுக்கினார் ஒரு மெக்கானிக். 8 கிலோவில் நிற்க வேண்டிய மோட்டார் 10 கிலோ வரை ஓடியது. வார்னிஷ் நன்றாகத் தூவியது. அரை அங்குல ஓஸ் ஒன்று வாங்கியிருந்தால் திருகைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

இரண்டாவது குறை, பியூஸ் போவது. அந்த வீட்டு வயரிங், மரச்சட்டத்துக்குள் போகும் பழைய காலத்து வேலை. இரண்டாம் கட்டிலிருந்து 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து மோட்டாருக்குக் கொடுத்திருந்தார்கள். கம்பி 1 சதுர மில்லிமீட்டர் தடிமன். இந்த மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் போல எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்து ஆறு மடங்கு. 50 ஆம்பியர் அந்த வயரில் ஓடும்போது வயரிலேயே 45 வோல்ட் காணாமல் போகும். ஏற்கனவே 210 வோல்ட் வரும் வீட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது 165. அது முக்கிக்கொண்டே கிளம்பும், பல்பு மங்கும், பியூஸ் போகும். வைத்தியம்: பியூஸ் கட்டையில் கம்பியை இரட்டையாகப் போட்டார்கள். பியூஸ் போவது நின்றது.

மூன்றாவது, சேப்டி வால்வ் சீறுவது. 9 கிலோவில் திறக்கும்படி செய்யப்பட்டது, சுவிட்ச் 10 வரை விட்டால் சீறத்தானே செய்யும். "ஆச்சி, இந்த வால்வ் கெட்டுப்போய்விட்டது, காற்றெல்லாம் வீணாகிறது" என்று சொல்லி, மெக்கானிக் அதைக் கழற்றி அந்த ஓட்டையில் பித்தளை பிளக் ஒன்றை முடுக்கினார். சத்தம் நின்றது. ஆச்சி, எதையும் எறியாத தலைமுறை. வால்வை வாங்கித் துணியில் சுற்றி வைத்தார்.

நான்காவது, டேங்கின் அடியில் ஒரு கசிவு. கால் பற்றவைத்திருந்த இடத்துக்கு அருகே ஊசி முனை அளவில் ஈரம் கோத்து, காற்றுக்குமிழி விட்டது. பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பசையை நெல்லிக்காய் அளவு வைத்து அமுக்கினார்கள். கசிவும் நின்றது.

ஒவ்வொரு வைத்தியமும் பலித்தது என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்குக் கிலியூட்டும் செய்தி. ஒன்றாவது பலிக்காமல் போயிருந்தால் யாராவது உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்.

அன்று

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஒன்பதரை மணிக்கு மோட்டாரைப் போட்டார். முகப்பில் இரண்டு பையன்கள் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். பத்தரைக்குக் கன்னைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தானாக நிற்கும் இயந்திரம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பார்த்துக்கொள்கிறவர் கிணற்றடிக்கு வாளியை எடுத்துக்கொண்டு போனார். கம்ப்ரஸரிலிருந்து பன்னிரண்டு தப்படி.

டேங்க் அடிப்பக்கம் கிழிந்தது. கிழிந்த வழியே கீழ்நோக்கிச் சீறிய காற்று, மொத்தத்தையும் மேலே தூக்கியது. கூரையில் மோதி ஒரு குறுக்குச் சட்டம் முறிந்து, ஓடுகள் அடுப்படி வரை சிதறின. மோட்டார் போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு சுவரில் போய் விழுந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு முதுகில் ஓட்டுச் சில்லு வெட்டு. இடது செவிப்பறையில் துளை. காது இரண்டு மாதத்தில் ஆறியது என்று பிறகு கேள்விப்பட்டேன். சமையல் செய்யும் அம்மாள் தேங்காய் எடுக்க இரண்டாம் கட்டுக்குப் போயிருந்தார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அந்த அம்மாள் தேங்காய்க்குப் போகாமல் இருந்திருந்தால் வேறு பழமொழி சொல்லியிருப்பார்கள்.

கிடைத்தவை

டேங்கின் கிழிசல் 40 சென்டிமீட்டர் நீளம். சரியாக அடிவயிற்றில், கால் பற்றவைத்த கோட்டை ஒட்டி. எபாக்சி உருண்டை கிழிசலின் நடுவில் பாதியாகப் பிளந்திருந்தது. கிழிந்த உதட்டை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். மேற்பகுதியில் தகடு 3 மில்லிமீட்டர். உதட்டில் 0.9, 0.7, சில இடங்களில் 0.5. உள்ளே கையை விட்டால் எண்ணெயும் துருவும் குழைந்த செம்பழுப்புச் சேறு. அடியில் தண்ணீர் திறந்துவிடும் டிரெயின் காக்கின் கைப்பிடி ஸ்பேனருக்கும் அசையவில்லை; நெடுங்காலமாக யாரும் திறக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிரஷர் சுவிட்சின் உள்ளே, மின்சாரத்தைத் தொட்டு விலகும் இரண்டு புள்ளிகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லிய வயர், குறைந்த வோல்ட்டேஜ், முக்கிக் கிளம்பும் மோட்டார்: ஒவ்வொரு கிளப்பத்திலும் அந்தப் புள்ளிகள் சூடேறி, ஒரு நாள் பற்றிக்கொண்டன. பியூஸ் ஒற்றைக் கம்பியாக இருந்தவரை அதுதான் முன்னால் போய் எச்சரித்துக்கொண்டிருந்தது.

மீட்டர் உடைந்துவிட்டது. ஆனால் டேங்கில் காற்று முழுவதும் இறங்கிய பிறகும் முள் 2 கிலோவிலேயே நிற்கும் என்று பையன்கள் சொன்னார்கள். பூஜ்யத்துக்குத் திரும்பாத மீட்டர், ஓடாத கடிகாரத்தைவிட மோசம்; ஓடாத கடிகாரத்தையாவது நம்ப மாட்டோம்.

கணக்கு

உருளையான டேங்கின் தகட்டில் எவ்வளவு இழுவை விழும் என்பதற்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தகட்டுத் தடிமனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். இந்த டேங்கின் விட்டம் 35 சென்டிமீட்டர். தகடு 3 மில்லிமீட்டராக இருந்த காலத்தில், 8 கிலோ அழுத்தத்தில், ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்பின் மேல் விழுந்த இழுவை 4.7 கிலோ. சாதாரண மைல்டு ஸ்டீல் 40 கிலோவை ஒட்டித்தான் அறும். எட்டு மடங்குக்கு மேல் தாராளம். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2825, ஐ.எஸ். 7938 போன்ற விதிகள் டேங்குக்கு வகுத்திருப்பது இந்தத் தாராளத்தைத்தான்.

சுவிட்ச் ஒட்டிக்கொண்டதால் அன்று அழுத்தம் 12 கிலோவை ஒட்டிப் போயிருக்கும் என்பது என் மதிப்பு. 10இலிருந்து 12க்கு ஏற அந்தப் பம்ப்புக்கு இரண்டு நிமிடம் போதும். தேநீர் ஆறுவதற்குள் ஆகிவிடும். தகடு 3 மில்லிமீட்டராகவே இருந்திருந்தால், 12 கிலோவிலும் இழுவை 7தான். ஒன்றும் ஆகியிருக்காது. மறுபக்கம், 0.5 மில்லிமீட்டராகத் தேய்ந்த தகட்டில் 8 கிலோவுக்கு இழுவை 28. இரும்பு நெகிழத் தொடங்கும் எல்லை, ஆனால் அறாது. 10 கிலோவில் 35. மூன்று வாரம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. 12 கிலோவில் 42.

துரு மட்டும் இருந்தால் அன்று கிழிந்திருக்காது. அழுத்தம் மட்டும் ஏறியிருந்தாலும் கிழிந்திருக்காது. ஊறுகாய் அலமாரியிலிருந்த வால்வ் தன் இடத்தில் இருந்திருந்தால் 9 கிலோவுக்கு மேல் போகவே விட்டிருக்காது. ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் அது கத்தினது எங்களைக் காப்பாற்றத்தானா, தம்பி?" என்று கேட்டார். ஆமாம் ஆச்சி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். "வெறும் காற்றுதானே" என்பவர்கள் அதிகம். 100 லிட்டர் டேங்கில் 8 கிலோ அழுத்தத்தில் அடைபட்ட காற்று ஒரே நொடியில் விரிந்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் ஒரு லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். 12 கிலோவில் அதே கார் 65 கிலோமீட்டர் வேகத்தில். அடுப்படிப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தது இதைத்தான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

டேங்குக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லையே என்று பையன்கள் கேட்டார்கள். காற்றோடு வந்தது. 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 75 சதவீதம் உள்ள மழைக்காலக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 22 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அதை ஒன்பதில் ஒரு பங்காக நசுக்கினால் அவ்வளவு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளக் காற்றுக்குள் இடம் இல்லை. டேங்க் ஆறியதும் நீராக இறங்கும். காலியான டேங்க் ஒரு முறை நிரம்பும்போது 17 மில்லி அளவில் தேங்கும். ஒரு மணி நேரம் விடாமல் வார்னிஷ் அடித்தால் ஒரு சிறிய டம்ளர். அது அடிவயிற்றில் கிடக்கிறது. மேலே அழுத்தமான காற்று, அதாவது நெருக்கிவைத்த ஆக்சிஜன். துருப்பிடிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. வெளியே நீலப் பெயிண்ட், உள்ளே கரைந்துகொண்டிருக்கும் தகடு.

வேடிக்கை என்னவென்றால், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பல பத்தாண்டுகளாக ஆராயும் பொருள்களில் ஒன்று இந்தத் துரு. அங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில்தான், ஒரு டிரெயின் காக்கைத் திருகாமல் டேங்க் போயிற்று.

ஏன் திருகவில்லை? அது யார் வேலையும் அல்ல. கம்ப்ரஸரை வாங்கியது பொதுச்செலவில். பொதுக்கணக்கு நோட்டில் பதிவாகியிருக்கிறது. ஓட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். பழுது பார்த்தவர் கூப்பிட்டால் வருகிறவர். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சுவிட்சைப் போட மட்டும் சொல்லப்பட்டவர். ஆலையில் இப்படி நடக்காது. நாங்கள் ஒழுங்கானவர்கள் என்பதால் அல்ல. நான் வேலை பார்த்த காலத்தில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 31ஆம் பிரிவில் அழுத்தத்தில் இயங்கும் கருவிகளைப் பற்றிச் சொன்னது. அதன்படி மாநில விதிகள் கெடு வைத்துச் சோதிக்கச் சொல்லின. டேங்குக்குப் பதிவேடு உண்டு. வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார்.

பழைய டேங்கை வாங்கினால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. டேங்கில் காற்றுப் பொட்டே இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கையால் இயக்கும் சோதனைப் பம்ப்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு, இங்கே 12 கிலோ, ஏற்றி அரை மணி நேரம் பார்ப்பது. தண்ணீர் அநேகமாக நசுங்காது, அதில் ஆற்றல் அதிகம் சேராது. டேங்க் மோசமாக இருந்தால் கசியும் அல்லது பிளந்து தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான். இதே சோதனையைக் காற்றால் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது சோதனை அல்ல, விபத்தைத் தேதி குறித்து நடத்துவது. இந்த டேங்கை வாங்கிய அன்றே நீர்ச்சோதனை செய்திருந்தால், பஞ்சர் கடைக்காரர் முற்றத்திலேயே தரை நனைந்திருக்கும். கசிவு கண்ட டேங்கை ஒட்டுவதும் பற்றவைப்பதும் வேண்டாம். ஓர் ஓட்டை தெரிகிறதென்றால் அதைச் சுற்றிலும் தகடு காகிதமாகிவிட்டது என்று பொருள்.

வேலையை முடிக்க என்ன செய்தார்கள்

கதவுச் செதுக்கலை ஆசாரியின் ஆட்கள் தூரிகையாலேயே செய்தார்கள். வார்னிஷுக்குப் புதிதாக ஒரு சிறிய கம்ப்ரஸர் வாங்க வேண்டியிருந்தது. இந்த முறை ஆச்சி என்னை உடன் அழைத்துக்கொண்டார். தனியாக 16 ஆம்பியர் பிளக், மீட்டர் பலகையிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த், மின்கசிவு கண்டால் அறுக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு. எக்ஸ்டென்ஷன் கிடையாது. தூரம் வேண்டுமென்றால் மின்வயரை நீட்டாமல் காற்று ஓஸை நீட்டுவது, அதையும் அரை அங்குலத்தில் வாங்குவது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காற்றோட்டமாக, சமமான தரையில்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேலை ஒன்று அதிகமாயிற்று. சம்பளமும் கொஞ்சம் கூடியது. காலையில் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்ப்பார். டேங்கில் அழுத்தம் ஏறியதும் சேப்டி வால்வின் வளையத்தை ஒரு தரம் இழுத்துச் சீறவிடுவார். சீறாவிட்டால் அன்று வேலை இல்லை. அதன் அருகே காதையும் முகத்தையும் கொண்டுபோகக் கூடாது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மோட்டார் எந்த எண்ணில் நிற்கிறது என்று தினமும் சிலேட்டில் எழுதுவார். மாலையில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காற்று முழுவதும் இறங்கியதும் டிரெயினைத் திறந்து, தண்ணீர் வடிந்தபின் இரவு முழுவதும் திறந்தே விட்டுவிடுவார். முதல் நாள் வந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினார். பால் கலந்த மாதிரி எண்ணெயோடு இருந்தது.

பையன்களோடுதான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் காற்றை உடம்பின் மேல் அடித்துத் தூசி தட்டிக்கொள்வது அவர்களுக்கு வழக்கம்; ஒருவன் மற்றவனின் சட்டைக்குள் விட்டு விளையாடவும் செய்தான். ஓங்கிக் கத்தினேன். தோலில் சிறு வெட்டு இருந்தால் அதன் வழியே காற்று சதைக்குள் புகும். கண்ணில் ஒரு மணல் துகள் போதும். செவிப்பறையின் கதையை இதே வீட்டில் பார்த்தாயிற்று. பட்டறைகளில் விளையாட்டாகப் பின்புறத்தில் காற்றை அடித்து, குடல் கிழிந்து உயிர் போன செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு முறை அல்ல, பல முறை வந்திருக்கின்றன. தூசி ஊதுவதற்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி வைத்திருக்கும் வரம்பு 30 பி.எஸ்.ஐ., நம் கணக்கில் இரண்டு கிலோ. வெளியே போகும் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரை அந்த அளவில் வைத்து, திருகின் மேல் நகப்பூச்சால் கோடு போட்டுவிட்டேன். கண்ணாடி போடாமல் கன்னை எடுத்தால் அரை நாள் கூலி பிடிப்பதாக ஆச்சி அறிவித்தார். அது என் பேச்சைவிட வேலை செய்தது. வார்னிஷ் அடிக்கும்போது கைக்குட்டை போதாது, கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும் என்பதற்கும் அதே தண்டனை.

வேலை நடக்கும்போது பிளம்பர் ஒருவர் எட்டிப்பார்த்தார். ஓஸ் எதற்கு, சுவரோரமாக பி.வி.சி. பைப் போட்டு முகப்பு வரை கொண்டுபோய்விடலாமே, தண்ணீர் எவ்வளவு அழுத்தத்திலும் தாங்குகிறதே என்றார். தண்ணீருக்குத் தாங்கும். காற்றை அடைத்தால், வெயிலிலும் எண்ணெயிலும் காய்ந்து நொறுங்குந்தன்மை வந்த பைப் ஒரு நாள் உடையும். உடையும்போது கத்திச் சில்லுகளாகப் பறக்கும். விழாவுக்கு வரும் குழந்தைகள் ஓடும் பட்டாலைக் கூடத்தில் அது வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. ஆச்சி நம்பினார்.

பழைய டேங்க் கிணற்றடியில் கிடந்தது. விழாவுக்கு நான்கு நாள் முன்பு பழைய இரும்பு வியாபாரி மூன்று சக்கர வண்டியோடு வந்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படியே கொடுத்தால் கிலோவுக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். எதற்கு என்றேன். "அடியில் ஒரு பட்டை வைத்து வெல்டிங் பண்ணி, பெயிண்ட் அடித்தால் போய்விடும், ஐயா. பஞ்சர் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்" என்றார் அவர், ஒளிக்காமல்.

நான் ஆச்சியைப் பார்த்தேன். அவர் விலையைக் கேட்டார். பிறகு வெட்டினால் என்ன விலை என்றும் கேட்டார். கேஸ் கட்டர் வைத்திருந்தவரை வரச்சொல்லி, டேங்கைத் தன் கண்முன்னால் நீளவாட்டில் இரண்டாக வெட்டி, அப்புறம் குறுக்கேயும் வெட்டித்தான் வண்டியில் ஏற்றவிட்டார்.

வால்வை மட்டும் கொடுக்கவில்லை. துணியில் சுற்றி, அதே அலமாரியில் வைத்துக்கொண்டார்.